துடிப்பும் ஞாபகமும்

மாடுலர் ஸிந்தஸைஸர் வைத்திருப்பவர்கள் தங்கள் தாளங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு சொல்லைத் தவறாமல் உபயோகிக்கிறார்கள். தாளம் ‘பரிணமிக்கிறது’ என்கிறார்கள். ஒரு கடிகாரத் துடிப்பை யந்திரத்துக்குள் விட்டு, நாலைந்து கம்பிகளைச் செருகிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அரைமணி நேரத்துக்கு டிரம் தன்னைத்தானே மாற்றிக்கொண்டு போகிறது. இதற்குத்தான் பரிணாமம் என்று பெயர். இந்தச் சொல் சரியா என்பது இங்கே என் விசாரணை. சொல்தானே, வேறொன்று போட்டுக்கொண்டால் போயிற்று என்று விட்டுவிட முடியவில்லை. மாறுவதெல்லாம் வளர்வதாகாது என்பது கவிதை எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெரிந்திருக்கிறதா என்பது இந்தப் பத்திரிகையைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கே சந்தேகமாயிருக்கும்.

யந்திரம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாடுலர் ஒரு வாத்தியமல்ல. வாத்தியமாவதற்கு முந்திய நிலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட உதிரிகள். அலை எழுப்ப ஒரு பெட்டி, அதை வடிகட்ட ஒரு பெட்டி, ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வரைய ஒரு பெட்டி. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கம்பி. கம்பியில் ஓடுவது மின்னழுத்தம். 1960களின் முற்பகுதியில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோ டேப் மியூசிக் ஸென்டரில் மார்ட்டன் ஸபாட்னிக், ரமோன் ஸென்டர் என்ற இரு இசையமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் டான் புக்லா இப்படி ஒன்றைச் செய்தார். மறு கரையில், நியூயார்க் மாநிலத்து ட்ரூமன்ஸ்பர்கில், ராபர்ட் மூக் தனியே இன்னொன்றைச் செய்தார். மூக் பியானோக் கட்டைகளை வைத்துக்கொண்டார், புக்லா வேண்டாமென்றார். கட்டை இருந்தால் விரல் பழகிய இசைக்கே போகும் என்ற பயம் நியாயமானதுதான். 1990களின் நடுவில் ஜெர்மனியில் டீட்டர் டெப்ஃபர் 128.5 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இந்தப் பெட்டிகளை அடக்கிக் காட்டிய பிறகு, யூரோராக் என்ற பெயரில் சிறு தயாரிப்பாளர்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தார்கள். 2017 முதல் வி.ஸி.வி. ராக் என்ற இலவச மென்பொருளில் பெட்டிகளையும் கம்பிகளையும் திரையிலேயே பூட்டிக்கொள்ளலாம். வங்கிக் குமாஸ்தாவின் சம்பளத்தில் மாடுலரை அணுகுவதற்கு உள்ள வழி இதுதான். நான் இங்கே சொல்பவை மடிக்கணினியிலும் ஹெட்ஃபோனிலும் பூட்டிக் கேட்டவை.

கடிகாரம் என்று இவர்கள் சொல்வது மணி காட்டுவதில்லை. பூஜ்யத்திலிருந்து ஐந்து வோல்ட்டுக்கு எகிறி மறுபடி பூஜ்யத்தில் விழும் ஒரு சதுர அலை, அவ்வளவுதான். நிமிஷத்துக்கு 120 அடி என்று வைத்து ஒவ்வோர் அடியையும் நாலாக வெட்டினால் நொடிக்கு 8 துடிப்பு. துடிப்புக்கும் துடிப்புக்கும் 125 மில்லிநொடி. எந்தத் துடிப்புக்கும் தான் எத்தனையாவது என்று தெரியாது. முதல் அடி என்று ஒன்று கடிகாரத்தில் கிடையவே கிடையாது. சமம் இல்லை, எடுப்பு இல்லை, முடிவும் இல்லை. ஆகவே துடிப்பை லயம் என்று சொல்லக்கூடாது. நாடித்துடிப்பை லயம் என்று எழுதிப் பழகிவிட்ட நமக்கு இது சற்றுக் கசக்கும்.

இந்த அனாதைத் துடிப்பிலிருந்து தாளம் செய்ய எளிய வழி வகுத்தல். மூன்று துடிப்புக்கு ஒரு தரம் ஒரு டிரம், நாலுக்கு ஒரு தரம் இன்னொன்று, ஐந்துக்கு ஒரு தரம் வேறொன்று. மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் விழ 60 துடிப்பு ஆகும். ஏழையும் சேர்த்தால் 420. நம் வேகத்தில் ஐம்பத்திரண்டரை நொடி. பதினொன்றையும் சேர்த்தால் 4620 துடிப்பு, ஒன்பதரை நிமிஷத்துக்கு மேல். ஒன்பதரை நிமிஷம் திரும்பி வராத தாளம்! கேட்டவுடன் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. இரண்டாவது நிமிஷத்தில் பிரமிப்பு போய்விடுகிறது. காது அதில் வளர்ச்சியைக் கேட்பதில்லை, பஞ்சாங்கத்தைக் கேட்கிறது. அட்சய முடிந்து பிரபவ பிறக்கும்போது காலம் பரிணமித்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. சுற்று பெரிது, அவ்வளவே.

அடுத்து யூக்ளிட் பெயரில் வழங்கும் முறை. எட்டு இடங்களில் மூன்று அடிகளைக் கூடிய மட்டும் சமமாகப் பரப்பினால் 3, 3, 2 என்று விழும். க்யூபாவில் ட்ரெஸியோ என்று வழங்கும் தாளம் அது. ஐந்தைப் பரப்பினால் ஸின்கியோ. இந்தக் கணக்கை இசைக்குக் கொண்டுவந்தவர் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலிருந்த காட்ஃப்ரீட் டூஸான். கட்டுரை வெளியான வருஷம் 2005. வேடிக்கை என்னவென்றால் அவர் எடுத்துக்கொண்ட முறை ப்யார்க்லண்ட் என்பவர் நியூட்ரான் எழுப்பும் யந்திரமொன்றின் மின்துடிப்புகளைச் சீராகப் பங்கிடுவதற்காக எழுதியது. அணுக்கூடத்துக் கணக்கு ஹவானாத் தெருவில் ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. ஏழு இடத்தில் மூன்று அடியைப் பரப்பிச் சுழற்றி வைத்தால் 3, 2, 2 என்று நம் மிஸ்ர சாபுவும் வந்துவிடுகிறது. ஆனால் ஆதி தாளத்தின் 4, 2, 2 எத்தனை சுழற்றினாலும் வராது. வராததில் ஆச்சரியமில்லை. ஆதி தாளம் அடிகளின் பங்கீடு அல்ல. அடி விழாத இடத்திலும் கை எண்ணிக்கொண்டிருக்கிற சட்டம் அது. இந்த வேறுபாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

க்ரிட்ஸ் என்ற பெட்டியையும் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். பிரான்ஸில் எமிலி ஜிலே 2012இல் செய்தது. ஏற்கனவே புழங்கும் டிரம் வடிவங்களை அலசி, ஒன்றுக்கொன்று சாயலுள்ளவற்றை அருகருகே வைத்து ஒரு வரைபடம் போட்டிருக்கிறார். இரண்டு குமிழ்களைத் திருப்பி அந்தப் படத்தில் நடந்து போகலாம். திறமையான வேலை, எங்கே போனாலும் காதுக்கு இதமாகத்தான் இருக்கும். அதுவேதான் அதன் கோளாறும். ரசனையின் சராசரியில் எந்தத் திசையில் நடந்தாலும் சராசரிக்குள்ளேதான் நடக்கிறோம். நம் கவிதைத் தொகுப்புகள் சிலவற்றில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போகும்போது எனக்கு இதே அனுபவம் உண்டு.

சரி, தற்செயலுக்கு வருவோம். புக்லா தன் 200 வரிசையில் ஒரு பெட்டிக்கு ‘நிச்சயமின்மையின் ஊற்று’ என்று பெயர் வைத்தார். சர்க்யூட் செய்கிறவர் வைத்த பெயர் போலவா இருக்கிறது! இரைச்சலிலிருந்து கணத்துக்குக் கணம் ஒரு மின்னழுத்தத்தை மொண்டு தருவது அதன் காரியம். இதே சரக்கை யூரோராக்கில் நாணயச் சுண்டல் போலச் செய்கிறார்கள்: துடிப்பு வருகிறது, தலையா பூவா என்று பார்க்கப்படுகிறது, தலை விழுந்தால் டிரம் ஒலிக்கிறது. பதினாறு துடிப்புக்குப் பதினாறு சுண்டல். ஒவ்வொரு சுற்றும் முந்தியதிலிருந்து வேறு. ஆனால் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு எழுந்திருக்கும்போது நினைவில் ஒரு சுற்றுகூட நிற்பதில்லை. ஓயாமல் மாறுவது ஒன்றுமே மாறாதது போல் ஆகிவிடுகிறது. மழை பெய்கிற சப்தத்தில் எந்த இரண்டு நொடியும் ஒன்றல்ல, ஆனாலும் மழை முழுக்க ஒரே சப்தம்தான். தற்செயலை ஒரு தத்துவமாகவே கைக்கொண்ட ஜான் கேஜ் வேண்டியதும் இதுதான் என்று வாதிக்கலாம். அவருக்கு அது தெரிந்தே செய்த துறவு. கம்பி செருகுகிறவர்களில் பலருக்கு அது துறவல்ல, சோம்பல்.

விஷயம் ஸ்வாரஸ்யமாவது ஷிஃப்ட் ரெஜிஸ்டரில்தான். லண்டனில் டாம் விட்வெல் 2012இல் வெளியிட்ட ஒரு பெட்டிக்கு ட்யூரிங் மெஷின் என்று பெயர். பெயர் வெறும் குறும்பு. கணிதத்தில் அந்தப் பெயருள்ள சமாசாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே பதினாறு அறைகள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று அல்லது பூஜ்யம். கடிகாரம் துடிக்கும் ஒவ்வொரு தரமும் எல்லோரும் ஓரிடம் நகர்கிறார்கள், எங்கள் கவுண்டர் முன் க்யூ நகர்வதைப் போல. கடைசி அறையிலிருந்து வெளியேறுகிறவர் வீட்டுக்குப் போவதில்லை; சுற்றி வந்து முதல் அறையில் நிற்கிறார். ஒன்று என்றால் டிரம். பூஜ்யம் என்றால் மௌனம். இவ்வளவோடு நின்றால் பதினாறு துடிப்புத் தாளம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் சுற்றி வருகிற வழியில் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில், திரும்பி வருகிற ஒன்று ஒன்றாகவே நுழையலாம், அல்லது பூஜ்யமாகப் புரட்டப்படலாம். எத்தனை தரத்துக்கு ஒரு தரம் புரட்டுவது என்பதைத் தீர்மானிப்பது முகப்பில் உள்ள ஒரே ஒரு பெரிய குமிழ்.

குமிழை வலது கோடிக்குத் திருப்பினால் புரட்டலே இல்லை. தாளம் பூட்டப்பட்டுவிடுகிறது. நடுவில் வைத்தால் பாதிக்குப் பாதி. நாணயச் சுண்டல்தான், பழைய மழை. இந்த இரண்டுக்கும் இடையே, வலது கோடியைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தினால்தான் நம் பேச்சுக்கு உரிய விஷயம் நடக்கிறது. 64இல் ஒரு தரம் புரட்டல் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு துடிப்புச் சுற்று ஒன்றுக்கு இரண்டு நொடி. சராசரியாக நாலு சுற்றுக்கு ஒரு புரட்டல். அதாவது எட்டு நொடிக்கு ஒரு தரம், எங்கோ ஓரிடத்தில், ஓர் அடி காணாமற் போகிறது அல்லது மௌனமாயிருந்த ஓரிடத்தில் புதிதாக ஒன்று விழுகிறது. மீதி பதினைந்தும் அப்படியே. கணக்குப் போட்டால் 22 சுற்றில், அதாவது முக்கால் நிமிஷத்துக்குள், பதினாறில் சுமார் நாலு இடங்கள் மூலத்துக்கு மாறாகிவிட்டிருக்கும். தாளம் எப்போது வேறாயிற்று என்று கேட்கிறவனால் சொல்ல முடியாது. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் எப்போதும் உறவு உண்டு; முதல் சுற்றுக்கும் நூறாவதற்கும் கிட்டத்தட்ட இல்லை. தாத்தாவின் மூக்கு பேரனுக்கு வந்து, கொள்ளுப்பேரனிடத்தில் காணாமல் போவதைப் போல.

இந்தக் குமிழைப் பற்றி இன்னொரு விஷயம். இடது கோடிக்குத் திருப்பினால் என்ன ஆகும்? திரும்பி வருகிற ஒவ்வொன்றும் தவறாமல் புரட்டப்படும். ஒன்றெல்லாம் பூஜ்யம், பூஜ்யமெல்லாம் ஒன்று. முழு மறுப்பு. பெரிய கலகம் நடக்கும் என்று எதிர்பார்ப்போம். நடப்பதோ வேறு. முதல் பதினாறில் தாளம், அடுத்த பதினாறில் அதன் நேர் எதிர்மறை, அதற்கடுத்த பதினாறில் எதிர்மறையின் எதிர்மறையாக மறுபடி பழைய தாளமே. முப்பத்திரண்டு துடிப்பு நீளமுள்ள இன்னொரு பூட்டு. மரபு சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பிக்கிறவனுக்கும் மரபு சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மறுக்கிறவனுக்கும் வித்தியாசம் சுற்றின் நீளத்தில்தான் இருக்கிறது. நம் வட்டத்துக் கலகக்காரர்கள் ஓரிருவரிடம் இந்தக் குமிழைக் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டுமென்று எனக்கு ஆசை.

வெண்பா பழகியவர்களுக்கு இந்த வாசல் புதிதல்ல. தளை என்பது என்ன? நின்ற சீரின் இறுதி, வருகிற சீரின் முதலசையைத் தீர்மானிப்பது. மாவுக்கு முன் நிரை வரவேண்டும். விளத்துக்கு முன்னும் காய்க்கு முன்னும் நேர். அடுத்த சீரின் மற்ற அசைகள் கவிஞன் இஷ்டம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஞாபகம் கட்டாயம், மற்ற இடங்களில் சுதந்திரம். 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய பின் யாப்பை உதறிய தலைமுறை உதறியது எதுகை மோனையை மட்டுமல்ல, இந்த ஞாபகக் கட்டாயத்தையும்தான். உதறியது சரி என்பதே என் கட்சி. ஆனால் அதன்பின் ‘உள்லயம்’ என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோமே, அது எந்த வாசலில் இருக்கிறது, எதை நினைவில் வைத்து எதைப் புரட்டுகிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. யந்திரத்தின் ஒரே நல்ல குணம், அதனிடம் இப்படி மழுப்ப முடியாது. கம்பியைக் காட்டியாக வேண்டும்.

இப்போது சொல்லுக்குத் திரும்பலாம். உயிரியலில் பரிணாமத்துக்கு மூன்று வேண்டும். பெற்றதைக் கடத்துதல், கடத்தும்போது சிறு திரிபு, திரிந்தவற்றில் எது நிற்கிறதென்ற தெரிவு. ரெஜிஸ்டரில் முதல் இரண்டும் அச்சடித்தாற்போல் இருக்கின்றன. மூன்றாவது இல்லை. நல்ல திரிபுக்கும் நொண்டித் திரிபுக்கும் வாசலில் ஒரே மரியாதை. அற்புதமான ஒரு தாளம் வந்து எட்டு நொடி இருந்துவிட்டுக் கரைந்து போகும். அது போனது யந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் தாளம் பரிணமிப்பதில்லை, மிதக்கிறது. ஆனால் அதே மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு, கையைக் குமிழின் மேலேயே வைத்திருந்து, நல்லது வந்த கணத்தில் வலது கோடிக்குத் திருப்பிப் பூட்டி, அதைச் சற்று நேரம் வாழவிட்டு, அலுப்புத் தட்டுவதற்கு முன் மறுபடி மயிரிழை திறந்துவிட்டால் அப்போது அந்தச் சொல் பொருந்துகிறது. தெரிவு அந்தக் கையில் இருக்கிறது. ‘நான் ஒன்றும் செய்யவில்லை, அது தானே ஓடுகிறது’ என்று இவர்கள் அடக்கமாகச் சொல்லிக்கொள்ளும்போது வேலையில் இருந்த ஒரே கலை அம்சத்தை மறுத்துவிடுகிறார்கள்.

கேட்கச் சகிக்காத பெரும்பாலான பதிவுகளில் தவறு எங்கே என்றும் இதிலிருந்து தெரிகிறது. எல்லா டிரம்மும் ஒரே வேகத்தில் திரிகின்றன. அடி டிரம், பக்க டிரம், ஜால்ரா எல்லாவற்றுக்கும் ஒரே குமிழ். நிற்கிற ஒன்று இருந்தால்தான் நகர்கிறது நகர்வதாகத் தெரியும். அடி டிரம்மைப் பதினாறுக்கு ஒன்றென்று அசையாமல் வைத்து, பக்க டிரம்மை 64க்கு ஒன்று திரியவிட்டு, ஜால்ராவை மட்டும் எட்டுக்கு ஒன்று என்று அலைய விட்டேன். அதே பெட்டிகள்தான். ஆனால் மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருப்பது போல் ஆகிவிட்டது.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. அது வலுவான கட்சி. ஸ்டீவ் ரைஷ் 1968-69இல் பொறியாளர் ஒருவரின் துணையோடு துடிப்புகளை இம்மியிம்மியாக விலக்கும் மின்னணுக் கதவு ஒன்றைச் செய்தார். 1969இல் நியூயார்க் விட்னி மியூசியத்தில் அதைக் கொண்டு கச்சேரியும் செய்தார். செய்துவிட்டு அதைக் கைவிட்டார். விறைப்பான பூரணத்துவம் இசையில் உயிரற்றிருக்கிறது என்பது அவர் தீர்ப்பு. மறு வருஷம் கானாவுக்குப் போய் எவே மக்களின் டிரம் பயின்றார். 1971இல் ‘டிரம்மிங்’ வந்தது. பன்னிரண்டு துடிப்புச் சுற்றில் முதலில் ஒரே ஓர் அடி. பின் மௌன இடங்கள் ஒவ்வொன்றாக அடிகளால் நிரப்பப்படுகின்றன. நான் மேலே சொன்ன புரட்டல்தான், ஆனால் மனிதக் கையால். ஒரு நிலையை எத்தனை தரம் திருப்பி வாசிப்பது என்பதற்கு அவர் எல்லைதான் போட்டிருக்கிறார். அடுத்ததற்கு எப்போது போவது என்பதை வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தீர்மானிக்கிறார்கள்.

மனிதக் கையின் மில்லிநொடிப் பிசகுகளில்தான் உயிர் இருக்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்வது வழக்கம். எனக்கு அது போதவில்லை. மில்லிநொடிப் பிசகை யந்திரத்திலும் ஊட்டலாம், ஊட்டுகிறார்கள். எங்கள் கிளையில் மாலை நாலரைக்குச் சலான் கட்டுக்கு முத்திரை குத்தும் சக ஊழியரைக் கேட்டிருக்கிறேன். மைப் பெட்டியில் ஒன்று, காகிதத்தில் ஒன்று, மெல்லியது, கனத்தது. கட்டு உயரமாயிருக்கும்போது ஒரு நடை, குறையக் குறைய வேறு நடை, மை உலரும்போது மூன்றாவது நடை, பஸ் நேரம் நெருங்கினால் நாலாவது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் உண்டு. நாணயச் சுண்டலின் மாற்றத்துக்குக் காரணம் கிடையாது. காது அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. மாடுலரில் காரணத்தையும் கம்பியால் உண்டாக்க முடியும் என்பதை ரைஷ் கட்சியினர் கவனிப்பதில்லை. கடிகாரத்தின் வேகமே ஒரு மின்னழுத்தத்துக்குக் கட்டுப்பட்டதுதானே. ரெஜிஸ்டரிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, மெலிதாக்கி, கடிகாரத்துக்கே திருப்பிச் செருகினால் தாளம் தன் காலத்தைத் தானே இழுக்கவும் தள்ளவும் தொடங்குகிறது. அளக்கப்படுவது அளவுகோலை வளைக்கிறது. முத்திரையின் காரணங்களுக்கு இது ஈடல்ல; ஆனால் சுண்டலைவிட எவ்வளவோ மேல்.

ரைஷ் யந்திரத்தைக் கைவிட்ட அதே 1969இல் ஒரு மூக் ஸிந்தஸைஸர் ஆமதாபாத்துக்கு வந்து இறங்கியது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அதைப் பூட்டிக் கொடுத்தவர் கேஜின் நெருங்கிய சகா டேவிட் ட்யூடர். அதற்குப் பின்னணியில் இருந்தவர்களில் ஒருவரான கீதா ஸாராபாய் பக்காவஜ் வாசிக்கிறவர். 1946இல் நியூயார்க்கில் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக் கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேல்நாட்டு இசைக் கல்வி பெற்றவர் அவர்தான். மனத்தை அடங்கச் செய்வதே இசையின் பயன் என்ற எண்ணம் கேஜுக்கு வந்தது இந்த டிரம் வாசிக்கும் பெண்மணியின் ஆசிரியர் வாக்கு வழியாக. தற்செயல் தத்துவத்தின் ஊற்றுக்கண் ஒன்றில் ஒரு பக்காவஜ் இருக்கிறது! ஆமதாபாதில் 1972 வரை பதிவான நாடாக்கள் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்து, 2023இல்தான் பால் பர்காஸின் முயற்சியால் இசைத்தட்டாக வெளிவந்தன. எஸ்.ஸி. ஷர்மா ‘டான்ஸ் மியூசிக்’ என்ற தலைப்பில் செய்தவை அதில் இருக்கின்றன. வெறும் மின்துடிப்பிலிருந்து ஆட்டத்துக்கு ஒரு நடையை எடுக்கப் பார்த்த முயற்சி. பக்காவஜ் பழகிய கைக்கும் கடிகாரத்துக்கும் நடுவே ஒரு முழு வாக்குவாதம் நடந்திருக்க வேண்டிய இடம் அந்த அறை. தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

அந்த வாக்குவாதத்தின் விஷயம் என்னவாயிருந்திருக்கும் என்று எனக்கு ஓர் அனுமானம் உண்டு. யந்திரத்தில் முதல் அடி கடிகாரத்தில் இல்லை என்றேன். அது தனிக் கம்பியில் வருகிறது. ரீஸெட் என்று பெயர். 64 துடிப்பு ஆனதும் எல்லாப் பெட்டிகளையும் ‘ஆரம்பத்துக்குப் போ’ என்று விரட்டுவது அதன் வேலை. பன்னிரண்டு துடிப்பு வடிவம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் ஐந்து சுற்று முடிந்து ஆறாவதின் நாலாம் துடிப்பில் கழுத்தறுபடும். சமம் வந்துவிட்டது, ஆனால் தாளம் அங்கே வந்து சேரவில்லை, வெட்டப்பட்டிருக்கிறது. மிருதங்கக்காரன் இதே 64ஐ வைத்துக்கொண்டு கோர்வை போடும்போது நடப்பது நேர்மாறு. மும்முறை வந்து கடைசி அடி சமத்திலோ எடுப்பிலோ போய் உட்காருவதற்காக, எங்கே தொடங்க வேண்டும், நடுவே எத்தனை கார்வை விடவேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது. போய்ச் சேர வேண்டிய இடம் புறப்படுகிற இடத்தை நிர்ணயிக்கிறது. ரெஜிஸ்டருக்கு ஞாபகம் உண்டு, ஆனால் பின்பக்கம் மட்டும். கோர்வை முன்பக்கத்து ஞாபகம்.

ஸபாட்னிக் இதை வேறு வழியில் தீர்த்துக்கொண்டார். ‘ஸில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் தி மூன்’ 1967இல் நன்ஸச் இசைத்தட்டுக் கம்பெனிக்காகச் செய்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் புக்லாவின் ஸீக்வென்ஸர் ஓடும் நெடும் பகுதி இன்றைய மாடுலர் தாளங்களுக்கெல்லாம் மூதாதை. அது தானே ஓடி முடிந்ததல்ல. யந்திரத்தை ஓடவிட்டு, நாடாவில் பிடித்து, கேட்டு, கழித்து, ஓராண்டுக்கும் மேல் உழைத்துத் தொகுத்தது. துடிப்பு கலைந்து மறையும் இடம் எங்கே என்று அந்தத் துடிப்பு தொடங்கும்போதே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்கையில் அது தெரிகிறது.

வெண்பாவில் தளை பின்பக்கத்து ஞாபகம் என்றால் முன்பக்கத்தது ஈற்றுச் சீர். நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்றில் போய் முடிந்தாக வேண்டும். நாலடி வெண்பாவுக்குச் சீர் பதினைந்து. இதை யந்திரத்தில் பூட்டிப் பார்ப்பது கஷ்டமில்லை. நேருக்கு ஓர் அடி, நிரைக்கு இரண்டு. சீருக்குச் சீர் வெண்டளை விதிப்படி முதலசை, மற்றவை சுண்டல். சீர்களை எண்ண பதினைந்தால் வகுக்கும் ஒரு பெட்டி. பதினைந்தாவதில் ரெஜிஸ்டரை விலக்கி ‘காசு’ என்று நிலையாக ஒன்று. ஓடவிட்டேன். பதினாலு சீர் வரையில் தளை ஒரு தரம்கூடப் பிசகவில்லை. நடையும் கேட்கும்படியாகவே இருந்தது. ஆனால் பதினாலாவது சீர் மாவாக விழுந்த போதெல்லாம் கடைசியில் தளை தட்டியது. அடுத்தது ஈறு என்று பதினாலாவதற்குச் சொல்ல எந்தத் துளையில் கம்பியைச் செருகுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.